லெடர்மன் தோள்பட்டை

ஒரு லட்சம் வரிகள். வரிக்கு 21 கட்டங்கள். பார்த்தால் வாக்காளர் பட்டியல் மாதிரி இருக்கிறது. அதைப் போலவே இதிலும் இருப்பவர்கள் எல்லோரும் எப்போதோ போய்ச் சேர்ந்தவர்கள். 2011-ல் ஜெனீவாவுக்குப் பக்கத்தில், தரைக்கு 100 மீட்டர் கீழே, புரோட்டானும் புரோட்டானும் முட்டிக்கொண்டபோது பிறந்து, கருவியைக் கடந்து ஓடி, அத்தோடு கதை முடிந்த மியூவான் ஜோடிகள். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம் என்று செர்ன் ஆய்வுக்கூடம் இந்தக் கோப்பைப் பொதுவில் போட்டிருக்கிறது. காசு கிடையாது, ஓடிபி கிடையாது, ஆதாரும் கேட்பதில்லை.

பதிவு செய்த கருவியின் பெயர் சி.எம்.எஸ். அதில் ‘சி’ என்பதற்கு விரிவு ‘காம்பாக்ட்’. அடக்கமானது என்று பொருள். எடை 14,000 டன். இவர்கள் பேச்சை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதற்கு இது முதல் எச்சரிக்கை. இரண்டாவது எச்சரிக்கை எந்திரத்தின் பெயரிலேயே இருக்கிறது: கொலைடர். தமிழில் எழுதினால் முதல் இரண்டு எழுத்திலேயே விஷயம் வெளியே வந்துவிடுகிறது.

முதல் வரியைப் பிரிப்போம். ஓட்ட எண் 165617. முதல் மியூவானின் ஆற்றல் 9.6987, இரண்டாவதன் ஆற்றல் 9.7633. அலகு ஜிகா எலக்ட்ரான் வோல்ட். நாம் செல்லமாக ஜிகா என்றே வைத்துக்கொள்வோம். ஒன்று எதிர் மின்னேற்றம், மற்றது நேர். ஆற்றல்களைக் கூட்டினால் 19.462, அதன் வர்க்கம் 378.77. உந்தங்களை மூன்று திசையிலும் தனித்தனியாகக் கூட்டி, வர்க்கமாக்கிச் சேர்த்தால் 72.80. இதை அதிலிருந்து கழித்து வர்க்கமூலம் எடுத்தால் 17.49. ஐன்ஸ்டைன் அவ்வளவு தலைமுடியைக் கலைத்துக்கொண்டு சொன்னதை எக்ஸெலில் ஒரே ஃபார்முலாவில் அடித்துவிடலாம்.

சரி, 17.49 என்றால் என்ன துகள்? ஒன்றுமில்லை. முதல் போணியே புஸ். கணக்கின் சூட்சுமம் இதுதான்: இரண்டு மியூவான்களும் ஒரு துகளின் வயிற்றிலிருந்து வந்திருந்தால், அவற்றைக் கூட்டிப் பார்க்கும்போது தாயின் எடை அப்படியே கிடைக்கும். பஸ்ஸில் பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்த அந்நியர்களாக இருந்தால் வாய்க்கு வந்த எண் கிடைக்கும். ஒரு ஜோடியைப் பார்த்து இது தாய்ப்பிள்ளையா, பஸ்பிள்ளையா என்று யாராலும் சொல்ல முடியாது. லட்சம் ஜோடிக்கும் கணக்குப் போட்டு, எந்த எண் எத்தனை முறை வருகிறது என்று அடுக்கினால், தாய்கள் இருக்கும் இடத்தில் மட்டும் மேடு தட்டும்.

அப்படி அடுக்கினால் 3.1-ல் ஒரு மேடு. 9.5-க்குப் பக்கத்தில் இன்னொரு மேடு. அப்புறம் நெடுந்தூரம் பொட்டல். கடைசியில் 91-ல் கோயில் கோபுரம் மாதிரி ஒன்று. ஒருநாள் இயற்பியல் வகுப்புக்கு வரும் பதினேழு வயதுப் பிள்ளைகள் இதை மதியச் சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் நடுவில் முடித்துவிடுகிறார்கள். ‘அவ்வளவுதானா?’ என்று கேட்டுவிட்டுப் பிஸ்கட்டைத் தேடிப் போகிறார்கள்.

அவ்வளவுதானாவா? அந்த மூன்று மேட்டில் எத்தனை பேர் தடுக்கி விழுந்தார்கள் என்று தெரிந்தால் பிஸ்கட் இறங்காது.

முதலில் மியூவான். அதை யாரும் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கவில்லை. 1930-களின் நடுவில், வானத்திலிருந்து வரும் கதிர்களை ஆராய்ந்துகொண்டிருந்த ஆண்டர்சனும் நெடர்மெயரும் எலக்ட்ரான் போலவே இருக்கிற, ஆனால் ஏறக்குறைய இருநூறு மடங்கு கனமான ஒரு ஆசாமியைப் பார்த்தார்கள். அணுவைக் கட்ட அவன் தேவையில்லை. வேதியியலுக்கும் தேவையில்லை. இதை யார் ஆர்டர் செய்தது என்று இயற்பியலாளர் ரபி ஓட்டலில் தப்பான பிளேட் வந்தவர் மாதிரி கேட்டார். இன்றுவரை சர்வர் பதில் சொல்லவில்லை.

ஆனால் இந்த அழையா விருந்தாளிக்கு ஒரு நல்ல குணம். மற்ற துகள்களில் பெரும்பாலானவை இரும்புச் சுவரைப் பார்த்ததும் முட்டி மோதி அடங்கிவிடும். மியூவான் பாட்டுக்குச் சுவருக்குள் புகுந்து அந்தப் பக்கம் போய்விடும். ஆகவே பெரிய இரும்புச் சுவர் எழுப்பி, அதன் பின்னால் உட்கார்ந்துகொண்டு, வெளியே வருபவனைப் பிடித்தால் அவன் மியூவானாகத்தான் இருப்பான். கல்யாண வீட்டுக் கூட்டத்தில் நம் ஆளைத் தேடி அலைவதைவிட, பந்தி முடிந்து கைகழுவும் இடத்தில் நிற்பது புத்திசாலித்தனம் அல்லவா.

இந்தப் புத்திசாலித்தனத்தோடு 1968-ல் நியூயார்க்குக்குப் பக்கத்தில் புரூக்ஹேவனில் கடைவிரித்தவர் லியான் லெடர்மன். கொலம்பியா பல்கலைக்கழகத்துக்காரர், நகைச்சுவை மன்னர், நம் கதாநாயகர். யுரேனியத் துண்டின் மேல் புரோட்டானை விட்டு அடித்தார். பின்னால் பத்தடிக்கு எஃகு. சுவரைத் தாண்டி வந்த மியூவான் ஜோடிகளை எண்ணி கிராஃப் போட்டார். எடை கூடக் கூட எண்ணிக்கை சரசரவென்று இறங்கியது. 3 ஜிகாவுக்குப் பக்கத்தில் மட்டும் இறக்கம் கொஞ்சம் தயங்கியது. மேடு என்று சொல்லத் துணிவு வரவில்லை. வெறும் சரிவு என்று சொல்ல மனசு வரவில்லை. தோள்பட்டை மாதிரி இருந்தது. தோள்பட்டை என்றே பெயர் நிலைத்தது.

ஏன் மேடாகத் தெரியவில்லை? சுவர்தான் காரணம். பத்தடி எஃகுக்குள் நுழைந்து வெளிவரும் மியூவான், டாஸ்மாக் கடையிலிருந்து வெளிவருபவர் மாதிரி கொஞ்சம் தள்ளாடித்தான் வரும். உள்ளே போனபோது எந்தத் திசை, என்ன வேகம் என்பதெல்லாம் குத்துமதிப்பு. கூர்மையான ஊசி மேடு இந்தக் குத்துமதிப்பில் உருகி, பரந்து, தோள்பட்டையாகிவிட்டது. ஆளைப் பிடிக்கக் கட்டிய சுவரே ஆளின் அடையாளத்தை அழித்துவிட்டது. தோளுக்கு மேலே தலை இருக்கும் என்று தோன்றியிருந்தால், நோபல் பரிசு அப்போதே பார்சலாகியிருக்கும். ட்ரெல், யான் என்ற இரண்டு கோட்பாட்டுக்காரர்கள் 1970-ல் அந்தச் சரிவு முழுவதற்கும் அழகான விளக்கம் கொடுத்தார்கள். நம் முதல் வரியின் 17.49 மாதிரியான ஜோடிகள் பலவற்றுக்கும் இன்றுவரை அந்த விளக்கம்தான் சோறு போடுகிறது. தோள்பட்டை மட்டும் அதில் அடங்கவில்லை. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவுமில்லை.

ஆறு வருடம் கழித்து அதே புரூக்ஹேவன். இந்தமுறை சாமுவேல் டிங். லெடர்மன் ஜாலி ஆள் என்றால் இவர் சிங்கப்பல் தெரியச் சிரிக்கவும் யோசிக்கிற ஆள். மியூவானை விட்டுவிட்டு எலக்ட்ரான் ஜோடியைப் பிடித்தார். பிடிப்பது நூறு மடங்கு கஷ்டம், ஆனால் சுவரில் முட்டித் தள்ளாட வேண்டியதில்லை. எடையைத் துல்லியமாகச் சொல்லலாம். 1974 இலையுதிர் காலத்தில் தோள்பட்டை இருந்த அதே ஊரில், 3.1-ல், பனைமரம் மாதிரி ஒன்று நின்றது. டிங் யாரிடமும் சொல்லவில்லை. காந்தத்தின் மின்னோட்டத்தை மாற்றிப் பார்த்தார், மரம் நகரவில்லை. இரண்டு குழுவைத் தனித்தனியாகக் கணக்குப் போடச் சொன்னார், மரம் சாயவில்லை. அப்போதும் வாய் திறக்கவில்லை.

வாயைத் திறக்காவிட்டாலும் வாடை போகும். மெல்வின் ஷ்வார்ட்ஸ் என்ற சக இயற்பியலாளர் அக்டோபரில் வந்து, உன்னிடம் ஒரு மேடு இருக்கிறதாமே என்றார். டிங் சுத்தமாக மறுத்தார். மேடாவது மண்ணாவது, எல்லாம் தட்டை. ஷ்வார்ட்ஸ் பத்து டாலர் பந்தயம் கட்டினார். அவர் தலை மறைந்ததும் டிங் செய்த காரியம்தான் அழகு. ஷ்வார்ட்ஸுக்குப் பத்து டாலர் கடன்பட்டிருக்கிறேன் என்று ஒரு சீட்டில் எழுதி ஒட்டி வைத்தார். பொய் சொல்லவும் வேண்டும், நரகத்துக்கும் போகக்கூடாது. இதற்கு இதைவிடச் சிறந்த ஏற்பாட்டை நான் கேள்விப்பட்டதில்லை.

இதற்கிடையில் நாட்டின் மறுகோடியில், கலிபோர்னியாவின் ஸ்லாக் ஆய்வுக்கூடத்தில், பர்ட்டன் ரிக்டர் என்பவர் ஸ்பியர் என்ற மோதல் வளையத்தை வைத்துக்கொண்டிருந்தார். அதற்கு அரசாங்கம் தனியாகக் காசு கொடுக்க மறுத்ததால், இருக்கிற பணத்தைச் சுரண்டி, கார் நிறுத்துமிடத்தில் கட்டிய எந்திரம் அது. எலக்ட்ரானையும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானையும் மோதவிட்டு, மோதல் ஆற்றலைப் படிப்படியாக ஏற்றிக்கொண்டே போவார்கள். முதல் சுற்றில் 0.2 ஜிகா படிகளாக ஏற்றினார்கள். 3.0-ல் நின்றது, 3.2-ல் நின்றது. 3.1 சின்ன ஸ்டாப்பிங். எக்ஸ்பிரஸ் பஸ் நிற்கவில்லை. ஆனால் 3.2-க்குப் பக்கத்தில் எண்ணிக்கை கொஞ்சம் உறுத்தியது. நவம்பர் 10, ஞாயிற்றுக்கிழமை, வண்டியை ரிவர்ஸ் எடுத்து ஊர்ந்து ஊர்ந்து வந்தார்கள். 3.1 ஜிகாவில் எண்ணிக்கை நூறு மடங்கு எகிறியது.

மறுநாள் திங்கட்கிழமை காலை, வேறொரு கூட்டத்துக்காக ஸ்லாக்குக்கு வந்திறங்கினார் டிங். உனக்கு ஒரு சுவாரசியமான இயற்பியல் சொல்ல வேண்டும் என்று ரிக்டரிடம் ஆரம்பித்தார். நானும் உனக்கு ஒரு சுவாரசியமான இயற்பியல் சொல்ல வேண்டும் என்றார் ரிக்டர். மாதக்கணக்கில் அடைகாத்த முட்டையோடு வந்த மனிதர், எதிரே ஒருவர் அதே முட்டையை ஆம்லெட் போட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்தால் முகம் எப்படி இருந்திருக்கும்?

பெயரில் அடுத்த ரகளை. டிங் அதற்கு ‘ஜே’ என்று பெயர் வைத்தார். காரணம் கேட்டால் மின்காந்த ஓட்டத்தின் குறியீடு என்பார். அவர் குடும்பப் பெயரைச் சீன எழுத்தில் எழுதினால் கிட்டத்தட்ட ‘ஜே’ மாதிரியே இருக்கும் என்பது தற்செயல் என்று நாமும் நம்புவோம். ரிக்டர் குழு கிரேக்க எழுத்து ‘சை’யைப் பிடித்துக்கொண்டது. அவர்களுக்கு வானமே கையெழுத்துப் போட்டது: அதன் அண்ணன்துகள் ஒன்று சிதைந்தபோது கருவியில் பதிந்த தடங்கள் அச்சு அசல் அந்தக் கிரேக்க எழுத்து போலவே சூலாயுத வடிவில் விழுந்தன. இரு தரப்பும் விட்டுக்கொடுக்காததால் இன்றுவரை அது ஜே-சை. கல்யாணமான பின்பும் இரண்டு வீட்டு இனிஷியலையும் சுமக்கிற ஒரே துகள். 1976-ல் நோபலும் பாதிப்பாதி.

இந்தக் கதையில் எனக்கு மனசு கரைவது இத்தாலிக்காரர்களுக்காகத்தான். எலக்ட்ரானையும் பாசிட்ரானையும் வளையத்தில் விட்டு மோதவைக்கும் யோசனையே ரோமுக்குப் பக்கத்தில் ஃப்ரஸ்காட்டியில் பிறந்தது. ப்ரூனோ டூஷெக் 1961-லேயே ஆடா என்ற குட்டி வளையத்தை ஓட்டிக் காட்டினார். அதன் பிறகு பெரிதாக அடோனே என்று ஒன்றைக் கட்டினார்கள். அதன் உச்ச ஆற்றல் 3.0 ஜிகா. துகள் உட்கார்ந்திருந்தது 3.097-ல். வீடு கட்டி முடித்த பிறகு கட்டில் வாசலில் மூன்றங்குலம் இடித்தால் எப்படியோ அப்படி. அமெரிக்காவிலிருந்து சேதி வந்ததும் காந்தங்களுக்கு மின்சாரத்தை வரம்பு மீறி ஏற்றி, எந்திரம் முனக முனக 3.1-க்குத் தள்ளினார்கள். இரண்டு நாளில் அவர்களுக்கும் தெரிந்துவிட்டது. கட்டுரையைப் போனிலேயே அமெரிக்கப் பத்திரிகைக்கு ஒப்பித்தார்கள். மூன்று கட்டுரையும் ஒரே இதழில் வந்தன. பரிசு இரண்டு பேருக்கு.

லெடர்மன்? தன் தோளைத் தானே தட்டிக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் மனிதர் சும்மா இருப்பவரில்லை. சிகாகோவுக்குப் பக்கத்தில் ஃபெர்மிலாப் என்று புது ஆய்வுக்கூடம். காட்டெருமைகள் மேயும் புல்வெளிக்கு நடுவே, அன்றைக்கு உலகின் மிக வலிமையான எந்திரம். அங்கே போய் மறுபடியும் ஜோடி தேடினார். இந்தமுறை எச்சரிக்கையாக எலக்ட்ரான் ஜோடி. மொத்தமே 27 நிகழ்வுகள் சேர்ந்தன. அதில் 12 நிகழ்வுகள் 5.8-க்கும் 6.2-க்கும் நடுவில் குவிந்து உட்கார்ந்திருந்தன.

ஒரு தடவை தோள்பட்டையைத் தவறவிட்டவனுக்குப் பார்ப்பதெல்லாம் தலையாகத் தெரியும். இது தற்செயலாக அமைய வாய்ப்பு ஐம்பதில் ஒன்று என்று கணக்குப் போட்டார்கள். ஐம்பதில் ஒன்று என்றால் பெரிய சங்கதியாகத் தோன்றும். நாளொன்றுக்கு நாலு கிராஃப் போடும் கூட்டத்தில், மாதம் இரண்டாவது அப்படிக் கண்ணடித்துவிட்டுத்தான் போகும். 1976-ல் கட்டுரை போயிற்று. பெயரும் வைத்தாயிற்று: அப்ஸிலான். கிரேக்க அரிச்சுவடியில் யாரும் தொடாமல் கிடந்த எழுத்து.

பிறகு மேலும் டேட்டா வந்தது. மேடு கரைந்தது. இன்னும் வந்தது. தரைமட்டம். அங்கே மேடும் இல்லை, துகளும் இல்லை, தோள்பட்டைகூட இல்லை. லெடர்மனின் முதல் பெயர் லியான் என்பது எல்லோருக்கும் சட்டென்று ஞாபகம் வந்தது. அப்ஸிலான் அன்றிலிருந்து ‘ஊப்ஸ் லியான்’ ஆயிற்று. தமிழில் ‘அடக் கஷ்டகாலமே லியான்’ என்று கொள்க.

அடிபட்ட கூட்டம் அத்தோடு மூட்டை கட்டியிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். குழுவில் ஜான் யோ என்று ஒருவர். பழைய மியூவான் டேட்டாவைக் குடைந்துகொண்டிருந்தவருக்கு 9.5 பக்கம் ஏதோ நெருடியது. வாயைத் திறந்தால் இன்னொரு ஊப்ஸ் ஆகிவிடுமே. 1976 நவம்பரில் ஒரு ஷாம்பெயின் பாட்டிலின் மேல் ‘9.5’ என்று மட்டும் எழுதி, குழுவின் ஃப்ரிட்ஜில் சத்தமில்லாமல் வைத்துவிட்டார். கட்டுரை எழுதினால்தானே திரும்பப் பெற வேண்டும்? பாட்டிலை யார் திரும்பப் பெறச் சொல்வார்கள்?

1977 மே மாதம் கருவியை மாற்றிக் கட்டி, மறுபடி மியூவான், மறுபடி சுவர். இந்தமுறை தள்ளாட்டம் குறைவான சுவர். டேட்டா கொட்டத் தொடங்கிய நேரம் பார்த்துத் தீப்பிடித்தது. தீயைவிட மோசம், எரிந்த கேபிளிலிருந்து வந்த குளோரின். அது மின்னணுப் பலகைகளில் படிந்து அரிக்க ஆரம்பித்தது. லெடர்மன் போனைச் சுழற்றி, இந்த மாதிரி அரிப்புக்கு வைத்தியம் தெரிந்த ஆள் ஒருவரை ஐரோப்பாவிலிருந்து பிடித்து வரவழைத்தார். வந்தவர் ஏதோ ரகசியக் கஷாயம் கலக்கிக் கொடுத்தார். விஞ்ஞானிகள், உதவியாளர்கள், வீட்டுக்காரம்மாக்கள் எல்லோரும் வரிசையாக நின்று நூற்றுக்கணக்கான பலகைகளை அண்டாவில் முக்கி முக்கித் தேய்த்தார்கள். தீபாவளிக்கு முந்தின வாரம் பரண் பாத்திரம் கழுவுவது மாதிரி. ஒரு வாரத்துக்குள் எந்திரம் ஓடியது. ஜூன் கடைசியில் 9.5-ல் மேட்டை அறிவித்தார்கள். உள்ளே இருந்தது குவார்க் என்ற அடிப்படைத் துகளின் ஐந்தாவது வகை. யோவின் பாட்டில் வீண்போகவில்லை.

அதற்கு என்ன பெயர் வைத்தார்கள் தெரியுமா? அப்ஸிலான். முறிந்துபோன நிச்சயதார்த்தத்தின் பத்திரிகையை வீணாக்காமல் தேதியை மட்டும் அடித்துத் திருத்திப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

மூன்றாவது மேடு, 91. இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். இதில் தடுக்கி விழுந்தவர்கள் குறைவு, முட்டித் தள்ளியவர்கள்தான் அதிகம். ஹார்வர்டில் பாடம், செர்னில் பரிசோதனை என்று அட்லாண்டிக்கைப் புறநகர் ரயில் மாதிரி கடந்துகொண்டிருந்த கார்லோ ருப்பியா, புரோட்டானையும் எதிர் புரோட்டானையும் மோதவைக்கலாம் என்று எல்லோர் காதிலும் கத்தி, 1983-ல் டபிள்யூ, இசட் என்ற இரண்டு துகள்களையும் பிடித்தார். 91-ல் நிற்கும் கோபுரம் அந்த இசட்தான். கட்டுக்கடங்காத எதிர் புரோட்டான்களை வழிக்குக் கொண்டுவந்தவர் வான் டெர் மீர் என்ற அமைதியான பொறியாளர். மறு வருடமே இருவருக்கும் நோபல். 1982-ல் செர்னுக்கு வந்த மார்கரெட் தாட்சர், கண்டுபிடித்தால் பத்திரிகைக்குச் சொல்வதற்கு முன் எனக்குச் சொல்லிவிட வேண்டும் என்று இயக்குநர் ஷாப்பரிடம் கறாராகக் கேட்டுப் போனார். ஷாப்பரும் டிசம்பரில் ரகசியக் கடிதம் எழுதினார். ஒரு நாட்டின் பிரதமருக்கு மற்றவர்களுக்கு முன்னால் தெரிய வேண்டும் என்று ஆசை வந்த துகள் வேறேதும் உண்டா தெரியவில்லை.

பிறகு அந்த இசட்டை உற்பத்தி செய்வதற்கென்றே 27 கிலோமீட்டர் சுற்றளவில் லெப் என்று தொழிற்சாலை திறந்தார்கள். 1989-லிருந்து தயாரிப்பு அமோகம். நாலு கருவியும் சேர்ந்து ஒரு கோடியே எழுபது லட்சம் இசட் வரை எண்ணித் தள்ளின. இப்போது பிரச்சினை துல்லியம். எந்திரத்தின் ஆற்றல் காரணமில்லாமல் ஏறி இறங்கியது. ஆராய்ந்தால் சந்திரன். கடலை இழுப்பதைப் போலவே நிலவு பூமியின் மேலோட்டையும் இழுத்ததில், 27 கிலோமீட்டர் வளையம் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு விரிந்து சுருங்கியிருக்கிறது. அமாவாசை, பௌர்ணமி பார்த்துத்தான் துகள் இயற்பியல் செய்ய வேண்டும் என்று என் பாட்டி சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். நிலவுக்குக் கணக்குச் செய்த பின்னும் ஒரு நடுக்கம் மிச்சம். நள்ளிரவுக்கு மேல் அடங்கும். விடிகாலை மறுபடி தொடங்கும். அது பாரிஸ் போகும் அதிவேக ரயில். தண்டவாளத்திலிருந்து கசிந்த மின்சாரம் மண்வழியாக வந்து எந்திரத்தைத் தொட்டிருக்கிறது. 1996-ல் இன்னொரு நாள் கற்றை சுற்றவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. குழாயைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இரண்டு பச்சை பீர் பாட்டில்கள். நிலா, ரயில் என்ற இரண்டு கண்டத்தையும் தாண்டித்தான் இசட்டின் எடை 91.1876 என்று நான்கு தசம இடத்துக்கு அச்சேறியது. பிள்ளைகள் கோபுரத்தின் உச்சியைக் குத்துமதிப்பாகப் பார்த்து ‘91’ என்று எழுதி அரை மார்க் வாங்குகிறார்கள்.

இந்தப் பிள்ளைகள் எப்படி உள்ளே வந்தார்கள் என்பது தனிக்கதை. அதுவரை டேட்டா என்பது பரம்பரை நகை. லாக்கரில் இருக்கும், பங்காளிகள் மட்டும் பார்க்கலாம். வெளியாருக்குக் காட்டினால் தப்பும் தவறுமாக ஏதாவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பயம். (ஊப்ஸ் லியானைக் கண்டுபிடித்தவர்கள் வெளியார் இல்லை என்பதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை போலிருக்கிறது.) ஃபெர்மிலாபுக்கு இயக்குநரான லெடர்மன் 1980-ல் சனிக்கிழமை காலைகளில் பள்ளிப் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டு இயற்பியல் வகுப்பு ஆரம்பித்தார். பள்ளி விடுமுறை நாளில் பள்ளி நடத்தியும் பிள்ளைகள் வந்தார்கள் என்பது அவர் கண்டுபிடிப்புகளில் மிகவும் நம்ப முடியாதது. எலக்ட்ரானுக்கு நூறு வயதான 1997-ல் பிரிட்டனில் ‘மாஸ்டர்கிளாஸ்’ என்ற ஒருநாள் வகுப்பு முளைத்தது. 2005-ல் அது ஐரோப்பா முழுக்கப் பரவியது. அப்போது பிள்ளைகள் மேசைக்கு வந்தது லெப் டேட்டா; நிலாவும் ரயிலும் பட்ட அதே இசட்டுகள். 2011 முதல், சி.எம்.எஸ். உட்கார்ந்திருக்கும் புது எந்திரத்தின் டேட்டா. இன்றைக்கு வருடத்துக்குப் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள், பல பத்து நாடுகளில். காலையில் விரிவுரை, மதியம் சோறு, பிறகு நிஜ மோதல்கள், சாயங்காலம் செர்னில் இருப்பவர்களோடு வீடியோவில் முடிவுகளை ஒப்பிடல். 2014 நவம்பரில் சி.எம்.எஸ். தன் 2010-ஆம் ஆண்டு டேட்டாவில் 27 டெராபைட்டைப் பொதுவில் கொட்டியது. லாக்கர் சாவியை வாசற்படியில் வைத்த மாதிரி.

பிள்ளைகள் தப்புத்தப்பாகக் கண்டுபிடித்தார்களா? அவர்கள் சமர்த்தாகத்தான் இருந்தார்கள். 2015 டிசம்பரில் 750 ஜிகாவில் ஒளித்துகள் ஜோடியில் மேடு தெரிகிறது என்றவர்கள், மூவாயிரம் பேர் கொண்ட இரண்டு தொழில்முறைக் குழுக்கள். அவர்களாவது இது கண்டுபிடிப்பு இல்லை, தற்செயலுக்கு முப்பத்தைந்து லட்சத்தில் ஒன்று என்ற வாய்ப்பு வரும்வரை காத்திருங்கள் என்று ஜாக்கிரதையாகத்தான் பேசினார்கள். கோட்பாட்டுக்காரர்களுக்குக் காது கேட்கவில்லை. இல்லாத துகள் ஏன் இருக்கிறது என்று விளக்கி ஐந்நூறுக்கு மேற்பட்ட கட்டுரைகள். 2016 ஆகஸ்டில் கூடுதல் டேட்டாவோடு மேடு கரைந்துவிட்டதாக அறிவித்த மாநாடு நடந்த ஊர் சிகாகோ. ஊப்ஸ் லியான் பிறந்த இடத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணம்.

நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கோப்பைத் திறந்து உட்கார்ந்தேன். லட்சம் வரியும் வேண்டாம், லெடர்மனுக்கு எத்தனையோ எனக்கும் அத்தனைதான் என்று முதல் 27 வரிகளை மட்டும் வெட்டியெடுத்து கிராஃப் போட்டேன். பெரும்பாலும் ஒற்றை ஒற்றையாக நின்றன. ஓரிடத்தில் மட்டும் சில ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குந்தியிருந்தன. கட்டத்தின் அகலத்தைக் கொஞ்சம் கூட்டினேன். இன்னும் ஒன்று வந்து சேர்ந்துகொண்டது. நெஞ்சு படபடத்தது பொய்யில்லை. காபி ஆறிப்போனதும் பொய்யில்லை. பக்கத்தில் யாராவது ஷ்வார்ட்ஸ் நிற்கிறாரா என்று ஒருமுறை திரும்பிக்கூடப் பார்த்துக்கொண்டேன்.

அடுத்த ஆயிரம் வரியைச் சேர்த்ததும் அந்த இடம் மட்டமாகிவிட்டது. அதற்குள் ஒரு பெயர் யோசித்து வைத்திருந்தேன். பரவாயில்லை, அடித்துத் திருத்தி அடுத்ததுக்கு வைத்துக்கொள்ளலாம்.